எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

பிப்ரவரி 3

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் இதையே எழுதிவிட்டேன். இங்கே நான் நலம். அங்கே நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் “அப்புறம்?” “அப்புறம் என்ன?” என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சுற்றுலா ஆபீஸ் இருக்கிறதல்லவா, அவர்கள் பஸ்ஸில் ஆட்களைப் பக்கத்து நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். இந்த மாதக் கடைசியில் மூன்று நாள் பயணம். யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றாராம். “நீ போயேன், உனக்கும் ஒரு மாற்றமா இருக்கும்” என்று முதலாளியம்மா அந்த சீட்டை என் தலையில் கட்டிவிட்டார். பக்கத்து நாடு என்றால் நீங்கள் இருக்கும் நாடுதான். திரும்பி வரும் வழியில் உங்கள் ஊர்க் கடைவீதியில் கொஞ்ச நேரம் எங்களை அவிழ்த்துவிடுவார்களாம். உங்களைப் பார்க்கத்தான் கிளம்பி வருகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டால் நான் பாட்டுக்கு ஒரு போர்வை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

இன்னொன்று. லிஃப்ட் கம்பெனியோடு உங்கள் ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது என்றீர்கள். மறுபடி கையெழுத்துப் போடப் போகிறீர்களா, இல்லை ஊருக்கு வருகிற உத்தேசம் உண்டா? கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன்.

குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. அதற்கும் எனக்கும் பழகிவிட்டது.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


பிப்ரவரி 12

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ வருகிறாய் என்று புரிந்தது. என்னைப் பார்க்க வரவில்லை என்றும் புரிந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒன்றும் புரியவில்லை.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். “உங்க மனைவி டூரிஸ்டா வர்றாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “உங்களைப் பார்க்கவா, ஊரைப் பார்க்கவா?” என்றார். “அவங்ககிட்டதான் சார் கேட்கணும்” என்றேன். மனுஷர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு லீவைக் கொடுத்துவிட்டார். பரிதாபப்பட்டுக் கொடுத்தாரோ என்னவோ.

அறைக்கு உன்னைக் கூட்டிவர நேரம் இருக்குமா? பெருக்கி வைக்கட்டுமா, வேண்டாமா? பெருக்கி வைத்து நீ வராமல் போனால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். பெருக்காமல் இருந்து நீ வந்துவிட்டால் அது அதைவிடக் கஷ்டம்.

ஒப்பந்த விஷயம். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இந்தத் தடவை போர்மேன் ஆக்குகிறேன் என்கிறார்கள். அப்புறம் லிஃப்ட் குழிக்குள் நான் இறங்க வேண்டியதில்லை, மேலே நின்று கத்தினால் போதும். நான் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. உன் இஷ்டம் எப்படியோ அப்படி.

குழாய்க்கு உள்ளே ஒரு வாஷர் இருக்கும். அதை மாற்றச் சொல்லு, நின்றுவிடும்.

இப்படிக்கு,
வெளியூர்க்காரன்


மார்ச் 1

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். ‘நல்லபடியாக’ என்று எழுதுவது பழக்கம். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது எனக்கு விளங்குகிறதா என்று.

பஸ் ஏறியதுமே எல்லோர் தலையிலும் ஒரு மஞ்சள் தொப்பியை மாட்டிவிட்டார்கள். கையில் சின்னக் கொடியோடு முன்னால் நடந்த கைடுக்குக் கொடிக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். நின்ற இடத்திலெல்லாம் அவர் தொப்பியைத்தான் எண்ணினாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. அரண்மனையை ஓட ஓட விரட்டிக் காட்டினார்கள். கம்பளக் கடையில் மட்டும் ‘ஆற அமரப் பாருங்கள்’ என்று உட்கார வைத்துவிட்டார்கள். என் பக்கத்து சீட் அம்மா கழுத்தில் ஒரு தலையணை, கண்ணில் ஒரு கறுப்புத் துணி என்று கட்டிக்கொண்டு இரண்டு நாடுகளையும் தூங்கியே கடந்தாள்.

அப்புறம் உங்கள் ஊர்க் கடைவீதி. சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தீர்கள். இளைத்திருந்தீர்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறோம், “சாப்பிட்டியா?” என்றீர்கள். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி “சாப்பிட்டியா?” என்றீர்கள். பல் டாக்டரிடம் காத்திருக்கிறவர்கள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். “கையெழுத்துப் போடவா?” என்று கேட்டீர்கள். “உங்க இஷ்டம்” என்றேன். அதற்குள் கொடிக்காரர் விசில் அடித்துவிட்டார்.

போர்வை மூட்டை கனமாக இருந்தது. அதையும் என் கைப்பையையும் நீங்கள்தான் தூக்கி வந்தீர்கள். வெயில் என்று என் தொப்பியை உங்கள் தலையில் வைத்தேன். “மேலே வெச்சிடுங்க, தண்ணி வாங்கிட்டு இதோ வரேன்” என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த சில்லறையோடு கடைப்பக்கம் போனேன். கொடிக்காரர் தொப்பியை எண்ணியிருக்கிறார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான் பாட்டிலோடு திரும்புகிறேன், பஸ் கிளம்பிப் போகிறது. உள்ளே நீங்கள், வெளியே நான்!

பஸ் திரும்பி வந்ததும் நீங்கள் இறங்கினீர்கள், “மன்னிச்சுக்கோ” என்றீர்கள், நான் ஏறினேன். அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டார்கள். வீடு வரும்வரை பஸ்ஸில் இதே பேச்சு. போர்வைத் திருடன் என்று ஒருவர், ஓசியில் எல்லை தாண்டப் பார்த்தவர் என்று இன்னொருவர். என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

பக்கத்து சீட் அம்மா சொன்னதுதான் என்னைக் குடைகிறது. அவள் தூக்கம் கலைந்து துணியை விலக்கிப் பார்த்தபோது என் இடத்தில் ஒரு ஆம்பளை உட்கார்ந்திருந்ததாம். பதறவில்லையாம், எழவில்லையாம், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அவள் போட்ட கூச்சலில்தான் பஸ்ஸே நின்றதாம். அதற்குள் பஸ் ஊரைத் தாண்டி வெகுதூரம் போயிருந்ததாம்.

நீங்கள் ஏன் சத்தம் போடவில்லை? என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டோம் என்று தெரியாதா? தெரிந்தும் உட்கார்ந்திருந்தீர்களா? இதற்கு எனக்குப் பதில் வேண்டும். வாஷரை மாற்றிவிட்டேன், இன்னும் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


மார்ச் 9

அன்புள்ளவளுக்கு,

நீ கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன்.

மூட்டையை மேலே வைத்துவிட்டுத் திரும்புகிறேன், கதவு சாத்தியாயிற்று, வண்டி நகர்கிறது. நீ பின்வாசல் வழியாக ஏறியிருப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன், அது சத்தியம். பஸ் தெருமுனையில் திரும்பும்போது ஜன்னலில் உன்னைப் பார்த்தேன். கையில் பாட்டில். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அடுத்த முனை வந்தது. அங்கேயும் வரவில்லை. உன் சீட்டில் உட்கார்ந்தேன். அதில் உன் தலைக்கு வைக்கும் எண்ணெய் வாசனை இருந்தது.

கொடிக்காரர் மைக்கை எடுத்து, “இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லை வந்துரும், அப்புறம் நம்ம ஊருதான்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று கேட்காதே. எல்லையில் என்ன செய்திருப்பேன் என்றும் கேட்காதே. பாஸ்போர்ட் அறையில், பெட்டிக்குள் இருந்தது. உன்னை அந்நிய ஊரில் தனியாக நிற்க வைத்துவிட்டு ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் கைதட்டியிருக்கிறேன். இதைவிடக் கிறுக்குத்தனம் உண்டா? அந்த அம்மா கத்தியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அதனால்தான் இறங்கியதும் ஒதுங்கிவிட்டேன்.

மூன்று வருஷமாக நான் ஊர்ப்பக்கம் வரவில்லை என்று உனக்கு மனத்தாங்கல். எனக்கும் ஒன்று உண்டு. அன்றைக்கு “போகட்டுமா?” என்று கேட்டேன், “உங்க இஷ்டம்” என்றாய், வந்துவிட்டேன். நடுவில் “லீவுக்கு வரட்டுமா?” என்று கேட்டேன், “உங்க இஷ்டம்” என்றாய், வரவில்லை. இப்போது கையெழுத்துக்கும் அதையே சொல்லியிருக்கிறாய். நான் எதைக் கேட்டாலும் உனக்கு ஒரே பதில். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்கு ஒன்றுதானோ என்று தோன்றுகிறது.

நானும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பஸ் போனபின் கடைவீதிக் காவலாளியோடு பேசினேன். “உங்க வீட்டம்மா பஸ் பின்னாடி ஓடல சார், நாற்காலி போட்டேன், உட்கார்ந்துட்டாங்க, டீ கொடுத்தேன், குடிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க” என்றார். கைப்பை இல்லை, போன் இல்லை, காசு இல்லை, பஸ்ஸும் போய்விட்டது. நீ ஏன் சிரித்தாய்? விட்டது தொல்லை என்றா?

மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
எனக்கே விளங்காத நான்


மார்ச் 16

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கண் பரிசோதிக்க வந்த பெரியவர், “ஏம்மா, உனக்குத்தான் முதல்ல கண்ணாடி வேணும் போலிருக்கே” என்றார். அந்த அளவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரோ வரவில்லை, சீட் காலி, முதலாளியம்மா தலையில் கட்டினார் என்றதெல்லாம் புளுகு. நானே அந்த ஆபீஸ் படியேறிப் போய்க் கேட்டு வாங்கிய சீட் அது. அரண்மனையும் கம்பளமும் யாருக்கு வேண்டும்?

ஏன் சிரித்தேன் என்று கேட்டீர்கள். பஸ் நகர்ந்ததும் முதலில் கையை ஆட்டினேன். நிறுத்தச் சொல்லித்தான். அப்புறம் ஜன்னலில் உங்கள் தலை தெரிந்தது, மஞ்சள் தொப்பியோடு. கை தானாக இறங்கிவிட்டது. மனுஷர் வீட்டுக்குப் போகிறார் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பாஸ்போர்ட் ஞாபகம் வரவில்லை, எல்லை ஞாபகம் வரவில்லை. வீட்டுச் சாவி என் கைப்பையில் இருக்கிறது, கைப்பை உங்களிடம் இருக்கிறது, அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. போய்க் கதவைத் திறப்பார், ‘வீட்டை இப்படியா வைத்திருப்பாள்’ என்று முணுமுணுப்பார், குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் எப்படியாவது பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். எப்படி என்று யோசிக்கவே இல்லை. காவலாளி கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை. அதுகூட இனித்தது. சிரிக்காமல் என்ன செய்வேன்?

அப்புறம் பஸ் திரும்பி வந்துவிட்டது. நீங்கள் இறங்கிவிட்டீர்கள்.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போனதில் எனக்குக் கோபமே இல்லை. திரும்பி வந்ததில்தான் கோபம். அந்த அம்மா இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கக் கூடாதா?

இனி ‘உங்க இஷ்டம்’ பற்றி. இவ்வளவு வருஷம் குடித்தனம் பண்ணியும் இது உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாது. நான் ‘உங்க இஷ்டம்’ என்றால் ‘கூடாது’ என்று அர்த்தம். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் ‘கூடவே கூடாது’ என்று அர்த்தம். “போகட்டுமா?” என்று நீங்கள் கேட்ட அன்றைக்கு நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். லீவு விஷயத்தில் மட்டும் அதற்கு ‘இதையெல்லாமா கேட்பாங்க, கிளம்பி வாங்க’ என்று அர்த்தம். குழப்பமாகத்தான் இருக்கும். இருந்தாலும் புருஷன் என்றால் புரிந்துகொள்ள வேண்டாமா? நீங்கள் ‘உன் இஷ்டம்’ என்று எழுதியதை நானும் ‘எனக்கென்ன வந்தது’ என்றுதான் படித்தேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றி வழிவிட்டு, கடைசியில் ஒருத்தரும் வாசலைத் தாண்டவில்லை.

அதனால் அந்த வார்த்தையே இனி வேண்டாம். நேராகவே எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். போர்மேனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். வந்துவிடுங்கள்.

எழுதி முடித்தாயிற்று. ஒட்டித் தபாலில் போடப் போகிறேன், இல்லாவிட்டால் கிழித்துவிடுவேன்.

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 24

அன்புள்ளவளே,

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்று முழுக்க வேலையில் நான் நானாக இல்லை. ஐந்தாவது மாடிக்குப் போக வேண்டியவன் ஒன்பதில் போய் நின்றேன்.

இன்று காலை மேனேஜர் மறுபடி தாளை நீட்டினார். வேண்டாம் சார், ஊருக்குப் போகிறேன் என்றேன். போர்மேன் பதவியை விட்டுவிட்டுப் போகிற ஆளை அவர் பார்த்ததில்லையாம். அங்கே வேறு வேலை கிடைத்துவிட்டதா என்றார். இல்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். அதுவும் இல்லை என்றேன். “அப்புறம் என்னதான்யா காரணம்?” என்றார்.

“வீட்ல வரச் சொல்லிட்டாங்க சார்” என்றேன்.

சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தேன். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தரமும் சொன்னேன்.

மாதம் முடிந்த மறுநாள் கிளம்புகிறேன். வந்து என்ன வேலை பார்ப்பேன், நீயும் நானும் ஒரே வீட்டில் எதைப் பற்றிப் பேசுவோம், எந்நேரமும் “சாப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டிருப்பேனோ, எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு நீ வர வேண்டும். வந்தே ஆக வேண்டும்.

உன் கணவன்