கடதாசிப் பூ

1962 வைகாசி, திங்கட்கிழமை

கிடுகுக் கொட்டிலுக்குள் தேங்காய்ப் பொச்சில் கட்டி, மூன்று வருடமாகத் தண்ணீர் தெளித்து வளர்த்த ஓர்க்கிட் நேற்றுத்தான் முதன்முதலாகப் பூத்தது. இன்று காலை வயலால் வந்து பார்த்தால் பூ இல்லை. என் மனைவி பூமணி அதைப் பிடுங்கி, வற்றாப்பளை அம்மனுக்கென்று பக்கத்து வீட்டு இராசம்மாக்காவிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

"செடியிலை விட்டிருந்தா ஒரு மாதம் நிண்டிருக்கும்!" என்று கத்தினேன்.

"முதல் பூவெல்லே? அம்மனுக்குத்தானே குடுத்தனான்" என்றாள்.

பின்னேரம் இராசம்மாக்கா பூவோடு திரும்பி வந்தா. "பூசாரியார் வேண்டேல்லை, பிள்ளை. மணமும் இல்லை, இந்த வெயிலுக்கு வாடவும் இல்லை, இது கடதாசிப் பூவெண்டிட்டார்."

பூமணி பூவைத் தம்ளரில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். காலையில் அவள்மேல் இருந்த கோபம் முழுவதும் எனக்குப் பூசாரியார்மேல் திரும்பியது.

"இன்னொரு மொட்டு இருக்கு. அது விரியட்டும், செடியோடை சைக்கிளிலை கட்டிக்கொண்டுபோய்க் காட்டுவம்" என்றேன்.

"அவருக்கு முன்னாலை ஆர் பிடுங்கிறது?"

"நீர்தான்."

சொல்லிவிட்டேன். மனம்தான் இன்னும் வரவில்லை.