சித்தியும் அமாவாசைப் பொரி உருண்டையும்

காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டால் காக்கைதான் வருகிறது, நீ வருவதில்லை. அதனால் எழுதுகிறேன், என் செல்ல அம்மா.

நீ போய் ஏழாவது அமாவாசை நேற்று. அமாவாசையன்று இப்போதும் நம் தெருவில் ஒரு தறியும் ஆடுவதில்லை. நாங்களும் திருமுக்கூடல் ஆற்று மணலுக்குப் போய், மூன்று கல் வைத்து, ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறோம். ஒரே வித்தியாசம், அடுப்புக்கு முன்னால் உன் தங்கை.

சித்தியை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவள் என்றார்கள். அப்புறம் ஏன் அப்பாவிடம் போய்ப் போய்க் குசுகுசுக்கிறாள்? பெரியப்பா வேறு, "புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட ஆளு வேணும், சாந்தாவையே கட்டிக்கோ" என்று அப்பாவை விடாமல் நச்சரிக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதாக முடிவே செய்துவிட்டார். உன் இடத்தில் இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிட என் நாக்கு வளையுமா? நீயே சொல்.

அவளை விரட்ட என்னாலானதைச் செய்தேன். அவள் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு தவளையை விட்டேன். அவள் அலறவில்லை. மறுநாள் வகுப்பில் என் பையைத் திறந்தால், அதே தவளை! இவள் சாதாரண ஆளில்லை என்று சந்தேகம் இரண்டு மடங்கானது.

இன்னொரு தடயமும் உண்டு. வீட்டில் சித்தி பிடிக்கும் பொரி உருண்டை வாயில் வைத்ததும் உதிரும். ஆற்றங்கரையில் செய்வது மட்டும் கருங்கல். தம்பியின் ஆடுகிற பல் ஒன்று அதில்தான் விழுந்தது. கை அதே கை என்றால், மனசு எங்கே போயிற்று? அதுவும் சரியாகப் பாகு காய்ச்சும் நேரம் பார்த்து எங்களை விரட்டுவாள்.

"போய் சுள்ளி பொறுக்கிக்கினு வாங்கப்பா. தூரமா போங்க, அங்கதான் நல்லா காஞ்சி இருக்குது."

நேற்று தம்பியை மட்டும் அனுப்பிவிட்டு, நாணல் புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன்.

அம்மா, கரண்டி அப்பா கையில் இருந்தது! வெல்லப்பாகை இரண்டு விரலால் தொட்டு இழுத்து, பட்டு இழையைச் சோதிப்பதுபோல் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொதிக்கட்டும்மா சாந்தா. இந்த இழை அறுந்துடும்."

"மாமா, நீங்க பாகு காய்ச்சறீங்களா, தறிக்கு பாவு போடறீங்களா? தண்ணியில ஒரு சொட்டு வுட்டு உருட்டிப் பாருங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"அறுந்துட்டா?"

"அறுந்தாத்தான் மாமா கடிக்க முடியும்! இதுல யாரும் பொடவை நெய்யப் போறதில்ல."

சிரித்துத் தொலைத்தேன். சித்தி வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வேவு பாக்கறியா?"

"நீ எங்கப்பாவைக் கட்டிக்கத்தானே வந்தே?" என்று கேட்டேவிட்டேன்.

அப்பா அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சித்தி காதை விட்டாள்.

"டேய், எனக்கு டீச்சர் ட்ரெயினிங்ல எடம் கெடைச்சிருக்குது. உங்கப்பாவுக்கே ஆக்கத் தெரிஞ்சிட்டா, ஆளு வேணும்னு உங்க பெரியப்பா எப்பிடி பேசுவாரு? தெருவுல ஆம்பள அடுப்பு ஊதனா சிரிப்பாங்க. அதான் ஆத்துல வச்சி சொல்லித் தர்றேன்."

"சோறு, ரசம், அடை எல்லாம் வந்துடுச்சிடா. இந்த உருண்டைதான் ஆட்டங்காட்டுது" என்றார் அப்பா.

என் சந்தேகம் அவ்வளவு லேசில் போகுமா? "லெட்டரைக் காட்டு" என்றேன். துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முத்திரையை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். நிஜம்தான். வரும் திங்கட்கிழமை சேர வேண்டும்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவளை நான் திருடி என்று நினைத்தேனே அம்மா. நீ இருந்திருந்தால் யார் காதைத் திருகியிருப்பாய்?

இப்போது சந்தேகமெல்லாம் அப்பா மேல்தான். பெரியப்பா முன்னால் அவருக்கு என்றைக்காவது குரல் எழும்பியிருக்கிறதா?

எழும்பாவிட்டால் நான் பேசுவேன். "ஆக்க ஆளு இருக்குது பெரியப்பா, நானும் எங்கப்பாவும்" என்று சபையில் சொல்லுவேன். அடி விழுந்தாலும் சரி. திங்கட்கிழமை காலையில் சித்தியை பஸ் ஏற்றிவிட்டு வந்து, நம் வீட்டு உலையை நான் வைப்பேன். இது உன்மேல் ஆணை.

சித்தியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்காத உன் மூத்த பிள்ளை,
பாபு