வெட்டாத ஏழு மீட்டர்

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம், உன் அண்ணியின் இடுப்பைத் தவிர. அந்த வலிக்கும் உன் கல்யாணத் துணிதான் காரணமாம். அது சாப்பாட்டு மேஜை முழுவதையும் வளைத்துக்கொண்டதால், மூன்று வாரமாகக் கட்டிலில் குனிந்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

நீ அனுப்பிய பட்டு ஏழு மீட்டரும் பத்திரமாக வந்தது. கடையில் அந்தச் சுருளில் அவ்வளவுதான் மிச்சம், இனி கிடைக்காது என்று எழுதியிருந்தாய். எழுதாமல் இருந்திருக்கலாம்.

கவுன் எப்படிப் போகிறது என்று கேட்கிறாய். நன்றாகவே போகிறது. படம் மட்டும் முப்பத்தொன்று வரைந்திருக்கிறேன். கழுத்து வட்டமா, படகு மாதிரி அகலமா என்பதில்தான் சின்ன இழுபறி. கழுத்து முடிவானால் கை முடிவாகும், கை முடிவானால் இடுப்பு. அப்புறம் வெட்டுவது என்ன பெரிய வேலை? கம்பெனியில் நூறு சட்டைக்கான துணியை அடுக்கி ஒரே மூச்சில் வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் நான். ஆனால் அங்கே யாரோ போட்ட கோட்டின்மேல் மெஷினை ஓட்டுகிறேன். இது என் கோடு. கொஞ்சம் நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

ஏழு வயதில் ஜன்னல் திரையைக் கன்னாபின்னாவென்று வெட்டிவைத்தாயே, நினைவிருக்கிறதா? அம்மா வருவதற்குள் அதை ஒரு கவுனாகத் தைத்து உனக்கு மாட்டிவிட்டேன். அடிக்க ஓங்கிய கையோடு அம்மா சிரித்துவிட்டாள். உன் கல்யாணத்துக்கும் நானே தைப்பேன் என்று அன்றைக்குத்தான் வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் சொந்த யோசனையில் ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று மனசில் உறுத்துகிறது. மாப்பிள்ளை பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்ட அன்றே, பஸ் வருவதற்குள், சம்மதம் சொல்லிவிட்டாயாமே. ஒரு வாரமாவது ஆற அமர யோசித்திருக்கக்கூடாதா? ஆழம் தெரியாமல் காலை விடுவது உன் பிறவிக்குணம். இனிமேலாவது யோசித்து நட.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்


ஒரு மாதம் கழித்து

அன்புள்ள தங்கைக்கு,

கவுன் முடிந்ததா என்று கேட்டு மூன்று கடிதம் போட்டுவிட்டாய். முடியவில்லை. தொடங்கவும் இல்லை. படகுக் கழுத்து, இழுபறி என்று போன கடிதத்தில் எழுதியதெல்லாம் சமாளிப்பு.

தினமும் வேலை முடிந்து வந்ததும் மேஜை முன்னால் நிற்பேன். கத்தரிக்கோலைத் துணி ஓரத்தில் வைத்த உடனே தலைக்குள் ஒரு ஆள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறான். தங்கை இளைத்திருந்தால்? அரை அங்குலம் தப்பினால்? மாப்பிள்ளை வீட்டார் சிரித்தால்? ஒன்றுக்குப் பதில் சொன்னால் ஒன்பது கேட்கிறான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். பிறகு செக்குமாடு மாதிரி மேஜையைச் சுற்றி வருவேன்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண சாக்பீஸ் கோடு மறுநாளே மங்கிவிடுகிறது. கோடு நின்றால் நிதானமாக யோசிக்கலாமே என்று மெழுகு சாக்பீஸில் வரைந்தேன். மடித்து, விரித்து, மறுபடி மடித்ததில் துணி கசங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கு இஸ்திரி போட்டேன். மெழுகு உருகிப் பட்டுக்குள் இறங்கிவிட்டது. முன்பக்கம் நட்டநடுவே முழ நீளத்துக்கு எண்ணெய்க் கறை. மெழுகுக் கோடு போட்ட துணிக்குச் சூடு காட்டாதே என்பது, கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நானே சொல்லிக்கொடுக்கிற பாடம். வெட்டினால் கெட்டுவிடுமோ என்று பயந்து பயந்து, வெட்டாமலே கெடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

உன் அண்ணி திட்டவில்லை. கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் போனா என்ன, முழம் போனா என்ன? வெட்டுங்க” என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். எனக்கும் ஒரு நிமிஷம் கை லேசானது. அதற்குள் அந்த ஆள் வந்துவிட்டான். கறையை மடிப்புக்குள் ஒளிப்பதா, பூவேலைக்குள் ஒளிப்பதா, மடிப்பென்றால் இடப்பக்கமா வலப்பக்கமா? புதிதாகப் பதினாறு படம். நாங்கள் இன்னும் கட்டிலில்தான் சாப்பிடுகிறோம்.

யோசித்து நட என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு. என் பயத்தைப் புத்திமதி மாதிரி எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். பஸ் வருவதற்குள் நீ சொன்ன வார்த்தை நூறு வருஷம் நிலைக்கட்டும். நீங்கள் இருவரும் நன்றாக இருப்பீர்கள்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னதாகவே அங்கே வந்துவிடுகிறோம். துணியை அப்படியே கொண்டுவருகிறேன், என் பெரிய கத்தரிக்கோலையும். நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவிடம் தையல் மெஷினை இரவல் கேட்டு வை. முதல் வெட்டை நீ போடு. எங்கே வேண்டுமானாலும் போடு, அந்த ஜன்னல் திரையை வெட்டின மாதிரி. நீ வெட்டிய இடத்திலிருந்து நான் தைத்துக்கொண்டு போவேன், அந்த வேலை எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று, கொஞ்சம் பொறு என்பேன். பொறுக்காதே.

உன்னை நம்பி வரும்,
அண்ணன்