ஓட்ஸ் போட்ட அம்பறாத்தூணி

செப்டம்பர் 24, செவ்வாய்

வில் வேட்டைக் காலம் தொடங்க இன்னும் ஒரு வாரம். மாலையில் வெஸ் வந்திருந்தான். என் மனைவி மார்லிஸின் தம்பி, முப்பது வருடமாக என்னோடு காட்டுக்கு வருகிறவன். தோல் அம்பறாத்தூணியை முதுகில் மாட்டிக்கொண்டு புல்வெளியில் பத்துத் தப்படி நடந்து காட்டினேன். காதைப் பொத்திக்கொண்டான்.

"மச்சான், பால் பாட்டில் வண்டி குழியில இறங்குற மாதிரி இருக்கு. இந்தச் சத்தத்துக்கு மானெல்லாம் ஏரியத் தாண்டி கனடாவுக்கே போயிரும்."

எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. லேசாக உரசுவது போல இருந்தது, அவ்வளவுதான். கிண்டல் செய்கிறானா? அவன் எப்போதும் அப்படித்தான். ஆனாலும் உறுத்துகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

தூணியின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஓட்ஸ் கொட்டினேன். அம்பு முனைகள் அதில் புதைந்து நிற்கும், ஒன்றோடொன்று மோதாது. குலுக்கிப் பார்த்தேன். சுத்தம். ஒரு சத்தம் இல்லை.

மார்லிஸ் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ஏதோ சொன்னாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, விடு" என்றாள். இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இரண்டாம் முறை கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. என் மேல் என்ன கோபம்? ஓட்ஸ் எடுத்ததற்கா?

செப்டம்பர் 29, ஞாயிறு

இந்த வருடம் சில்வண்டே இல்லை. குளிர் சீக்கிரம் வரப்போகிறதோ.

அக்டோபர் 1, செவ்வாய்

முதல் நாள். விடிந்ததிலிருந்து தூறல். பத்து மணிக்கெல்லாம் ஓட்ஸ் நனைந்து, ஊறி, கஞ்சியாகிவிட்டது. அம்பை உருவினால் முனையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வெஸ் மரத்தில் சாய்ந்து சிரித்தான். "காலைப் பலகாரத்த முதுகுல சுமந்துட்டுத் திரியிற ஆள் நீ ஒருத்தன்தான்யா. பாலும் சர்க்கரையும் கொண்டாந்தியா?"

அறுபது தப்படியில் ஒரு பெண்மான். காற்று எங்கள் முகத்தில்தான் அடித்தது, வாசனை போயிருக்காது. நான் ஓரடி வைத்தேன். தலையைத் தூக்கிற்று, வால் வெள்ளையாகத் தெரிந்தது, காணோம். ஏன்? நான் சருகின் மேல்கூடக் கால் வைக்கவில்லையே. வெஸ்ஸைக் கேட்டால், "என்னை ஏன் கேக்குற? உன் முதுகக் கேளு" என்கிறான்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஓட்ஸைக் கொட்டிவிட்டேன். பழைய ஆட்டு ரோமத் தோலை வெட்டி உள்ளே சுற்றிலும் தைத்தேன். அடியில் கம்பளித் துணி. ஒன்பது அம்புக்குப் பதில் நான்குதான். நடக்கும்போது முழங்கையால் தூணியை விலாவோடு இறுக்கிக்கொள்ளவும் பழகிவிட்டேன். சமையலறையில் குதித்துக் காட்டி, "சத்தம் கேக்குதா?" என்றேன். மார்லிஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நெஜமாவே உனக்குக் கேக்கலயா?" என்றாள். "சத்தம் இருந்தாத்தானே கேக்கும்" என்றேன்.

இன்னொன்று. தீப்பிடித்தால் எச்சரிக்கக் கூரையில் மாட்டியிருக்கிற புகை மணி, பேட்டரி தீர்ந்து மூன்று நாளாகக் கீச்சுக் கீச்சென்று அடிக்கிறதாம், மாற்றச் சொல்கிறாள். அதன் அடியில் போய் ஐந்து நிமிடம் நின்றேன். அது பாட்டுக்கு ஊமையாக இருக்கிறது. இவளுக்கு என்ன ஆயிற்று? டாக்டரிடம் கூட்டிப் போகலாமா? எப்படிச் சொல்வது?

அக்டோபர் 12, சனி

வெஸ்ஸோடு சண்டை. இறகு இறகோடு உரசுகிறது, தண்டு தண்டோடு தட்டுகிறது, இன்னும் கேட்கிறது என்று சாதிக்கிறான். "எனக்குக் கேக்கலடா!" என்று கத்திவிட்டேன்.

"உனக்குக் கேக்கலன்னா மானுக்கும் கேக்காதா? என்னய்யா நியாயம் இது?"

ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தேன். அவனுக்கு என் வேலையில் நம்பிக்கையே இல்லை.

அக்டோபர் 19, சனி

வெஸ் மேல் அம்பு விட்டுவிட்டேன். உயிரோடு இருக்கிறான். கடவுளே.

அக்டோபர் 20, ஞாயிறு

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் ஒருவேளை புரியும்.

தேவதாருச் சதுப்பின் வடக்கு ஓரத்தில் நான். அவன் ஓடையைச் சுற்றி மேற்கிலிருந்து வருவதாகப் பேச்சு. நெருங்கும்போது சீட்டி அடிக்க வேண்டும். முப்பது வருடப் பழக்கம் அது. நான் மிக மெதுவாக நடந்தேன். முதுகில் துளிச் சத்தம் இல்லை. எனக்கு எவ்வளவு பெருமை! இன்றைக்கு ஒரு மான் என் பக்கத்திலேயே வந்து நிற்கும் என்று உள்ளுக்குள் ஒரு நிச்சயம். புதருக்குப் பின்னால் ஏதோ பழுப்பாக அசைந்தது. நாணை இழுத்தேன். விட்டேன்.

அப்புறம் அவன் குரல்.

இடது மேற்கையில், பழுப்புக் கம்பளிக் கோட்டோடு சேர்த்துச் சதையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. பதினான்கு தையல். அரை அடி உள்ளே தள்ளியிருந்தால் நெஞ்சு. வண்டியில் போகும்போது அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "மூணு தடவ சீட்டி அடிச்சேன் மச்சான்."

அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா? காடு அவ்வளவு அமைதியாக இருந்ததே!

ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்து தன் அம்பே தன்னைக் கிழித்துவிட்டது என்று சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

மார்லிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் சட்டையில் இருந்த தம்பியின் ரத்தத்தை அவளே சனிக்கிழமை துவைத்திருக்கிறாள், ஒன்றும் கேட்காமல். இன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். வெகு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பினாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லலயே."

"ஆர்வோ, இவ்வளவு நேரமும் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அழுதாள். அப்படியென்றால் வாய்க்குள் பேசியது? புகை மணி? சில்வண்டு?

அக்டோபர் 28, திங்கள்

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். பாதி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். மிஷின் வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். காது பார்க்கிற அந்தப் பெண் ஒரு தாளைக் காட்டினாள். கோடு ஓரிடத்திலிருந்து மலைச்சரிவு போலக் கீழே விழுகிறது. மெல்லிய, கீச்சென்ற ஒலிகள் எல்லாம் போய்விட்டனவாம்: சீட்டி, பறவை, பெண்களின் பேச்சில் பாதி.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றேன்.

"நாளா? எத்தன வருஷமான்னு கேளுங்க. என்ன வேலை பாத்தீங்க?"

மரம் அறுக்கும் மில்லில் முப்பத்துநான்கு வருடம்.

நவம்பர் 4, திங்கள்

காதுக்குக் கருவி வந்துவிட்டது. காகிதத்தைத் திருப்பினால் இரைகிறது. பேனாகூட இந்தத் தாளில் கீறுகிற சத்தம் போடுகிறது. இத்தனை நாளும் இது எழுதும்போது பேசிக்கொண்டா இருந்தது?

தூணியை எடுத்து மாட்டினேன். நான்கு அம்புகள், ஆட்டு ரோமம், கம்பளி எல்லாம் அப்படியே. ஓரடி வைத்தேன். கட கட, சரசர. இன்னோரடி. கழற்றிக் கட்டிலில் போட்டேன்.

வெஸ் தொலைபேசினான். நல்ல குரலில்தான் பேசினான். "காதுதானே மச்சான், விடு. யாருக்கும் வரும். எனக்கு உன் அம்புச் சத்தம் நல்லாக் கேட்டுச்சு. அத வச்சுத்தான் உன்னப் பாத்து நேரா வந்தேன். நீ சீட்டியக் கேட்டிருப்பன்னு நினைச்சுட்டேன்."

எல்லோரும் காது, காது என்கிறார்கள். மார்லிஸும்தான். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு ஏன் அது வரவில்லை?

நவம்பர் 6, புதன்

காது கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். சரி. ஆனால் கண்? கொம்பைப் பார்த்தேனா? காதை, காலை, எதையாவது பார்த்தேனா? பழுப்பைப் பார்த்தேன். மீதியை நானே வரைந்துகொண்டேன். காது போன கிழவர்கள் எத்தனையோ பேர் காட்டுக்குப் போகிறார்கள். அவர்களெல்லாம் மச்சான் மேலா அம்பு விடுகிறார்கள்?

அல்லது நான் என்னை வேண்டுமென்றே வதைத்துக்கொள்கிறேனா? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

வனக் காவல் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். இளம் பெண். பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்குக் காது கேக்காதுன்னு எழுதிக்கவா?" என்று கேட்டாள், உதவி செய்கிற மாதிரி.

"எழுதிக்கோம்மா. ஆனா நான் பாக்காம விட்டேன்னு முதல்ல எழுது."

வில்லையும் அம்புகளையும் வாங்கிக்கொண்டாள். வழக்கு வரும், சில வருடங்களுக்கு வேட்டை உரிமம் கிடைக்காது என்றாள்.

வெஸ் மாலையில் வந்து வாசலில் நின்றே கத்தினான். "உன்னை யாரு போகச் சொன்னா? உனக்காகப் பொய் சொன்னவன் நான். இப்ப நான் பொய்யன், நீ உத்தமன், அப்படித்தானே?"

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் நிற்கவில்லை. செய்தது சரிதானா?

நவம்பர் 15, வெள்ளி

துப்பாக்கி வேட்டை தொடங்கிவிட்டது. தூரத்தில் வெடிச்சத்தம். வெஸ் வரவில்லை. கை இன்னும் தோளுக்கு மேல் எழவில்லையாம், மார்லிஸ் சொன்னாள். முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது எனக்கு. அவள் அதைக் கவனித்தாள்.

நவம்பர் 22, வெள்ளி

வெஸ் வந்தான். சவுனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். தண்ணீர் படக்கூடாது என்று கருவியைக் கழற்றி வெளியே வைத்திருந்தேன், அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் தழும்பு சிவப்பாகப் பளபளத்தது. நான் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். பக்கத்தில் நகர்ந்து வந்து, என் காதருகில் உரக்கக் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. விடுறப்போ என்னத்தப் பாத்த?"

"ஒண்ணுமே பாக்கலடா. மான் வேணும்னு இருந்துச்சு. அதனால மான்னு நினைச்சுக்கிட்டேன்."

வெஸ் அடுப்பின் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றினான். நீராவி எழுந்து அவன் முகத்தை மறைத்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை.

நவம்பர் 30, சனி

மதியம் தொலைபேசி.

"நாளைக்கு சதுப்புக்குப் போறேன். சும்மா உக்காந்துட்டு வரலாம்னு. வர்றியா?"

"நான் வில்லத் தொடக் கூடாது வெஸ்."

"வில்ல யாருய்யா கூப்பிட்டா?"

காலை ஆறரைக்கு வண்டியோடு வருகிறானாம். மார்லிஸ் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டி இரண்டு சுட்டு, துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.