ஃபர்னஸுக்குள் போன தோசைக்கல்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே பாலக்காட்டுக் காற்று. தூறல், வெயில், மறுபடி தூறல். ஃபர்னஸ் புகைபோக்கியில் கறுப்புப் புகை. எதிர்த் தறிக்கூடத்துக்காரர் கேட்டில் நின்று சத்தம்: "ஏனுங்க, துணியெல்லாம் கரியாகுதுங்க!" நியாயம்தான்.

மீட்டரில் 400 டிகிரி நிற்க வேண்டியது, 460. பெயிண்ட் அடிக்கப் பொருளை மாட்டும் கொக்கிகளில் படிந்ததைச் சுட்டெடுக்கும் ஃபர்னஸ் இது. பெயிண்ட் தடித்துப்போயிருந்தால் அதுவே பற்றிச் சூட்டை ஏற்றும். அப்போது தண்ணீர் தானாகத் தெளிக்க வேண்டும். தெளிக்கவில்லை. பர்னரை நிறுத்தினேன். கதவைத் திறக்கச் சொல்லி சூப்பர்வைசர் அவசரம். காற்று உள்ளே போனால் குப்பென்று தீப்பிடிக்கும், ஆறட்டும் என்றேன். அவருக்குக் கோபம். எனக்கும்.

மெஸ் சாப்பாடு. உப்பு அதிகம்.

ஜூன் 10, செவ்வாய்

தண்ணீர் தெளிக்கும் நாசிலைக் கழற்றினேன். துளை முழுக்க உப்பு. சூலூர் போர் தண்ணீர், வேறென்ன. வினிகரில் ஊறப்போட்டு, ஊசியால் குத்தி, வாய் வைத்து ஊதினேன். மேரிக்கு குக்கர் வெயிட்டை இப்படித்தான் ஊதிக் கொடுப்பேன். சின்ன விஷயம். கண் கலங்கிவிட்டது. அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

மாலை: 400. புகை இல்லை.

ஓசூரிலிருந்து மகள் ஸ்டெல்லா போன். "ஞாயித்துக்கெழம அம்மாவோட வருசப் பூசைக்கு வாரேங்கப்பா. திரும்பறப்ப அம்மாவோட தோசைக்கல்ல எடுத்துக்கறேன். வேற ஒண்ணும் வேண்டாங்க." ஒரு வருடமாக எதுவும் கேட்காதவள்.

ஜூன் 13, வெள்ளி

கல்லை ஆணியிலிருந்து இறக்கினேன். மேரி போனபின் யாரும் தொடவில்லை. நான் தோசை சுட்டதே கிடையாது. ஓரமெல்லாம் கறுப்பாகப் பிசின் மாதிரி கட்டி நிற்கிறது. இதை எப்படிப் பெண் கையில் கொடுத்து அனுப்புவது? அவள் மாமியார் என்ன நினைப்பார்? சோப்பு, கம்பி நார் போட்டுத் தேய்த்தேன். அசையவில்லை.

பையில் வைத்தாயிற்று. நாளை வீட்டு லோடு.

வாங்க: மெழுகுவர்த்தி, சம்பங்கி மாலை.

ஜூன் 14, சனி

சனிக்கிழமை கம்பெனிக் கொக்கிகளை முடித்துவிட்டு, அவரவர் வீட்டில் கரி பிடித்த இரும்பை உள்ளே வைப்பது வழக்கம். முதலாளி கண்டுகொள்ள மாட்டார். இன்று சாதிக் பாய், பக்ரீத்துக்குக் கறி சுட்ட கம்பிகள். சூப்பர்வைசர் வீட்டு கேட் கொண்டி. என் கல்.

ஃபர்னஸ் கதவில் நானே சாக்பீஸால் எழுதியது: அலுமினியம் கூடாது. பி.வி.சி. கூடாது. மூடிய டப்பா கூடாது. ஒருமுறை படித்துப் பார்த்தேன். இரும்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

கல் விரிசல் விடக்கூடாதே என்று முழுக்க ஆறும்வரை கதவைத் திறக்கவில்லை. அவ்வளவு கவனம். வெளியே வந்தது சாம்பல் நிறத்தில், ஒரு பொட்டுக் கரி இல்லாமல். கழுவித் துடைத்தேன்.

"கடையில வாங்குன மாதிரி இருக்குதுங்கண்ணா" என்றார் பாய்.

சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஜூன் 15, ஞாயிறு

பூசை. கூட்டம் குறைவு. ஸ்டெல்லா அழவில்லை, நானும்.

வீட்டுக்கு வந்ததும் மாவுடன் அடுப்படிக்குப் போனாள். சுற்றியிருந்த துணியை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ராத்திரிக்குள் கல்லில் துரு.

"என்னங்கப்பா பண்ணுனீங்க?"

"சுத்தம் பண்ணிப்போட்டேன் கண்ணு. ஃபர்னஸ்ல வெச்சு."

துருவைத் துடைத்து ஊற்றினாள். முதல் தோசை ஒட்டியது. எண்ணெய் விட்டாள். அடுத்ததும் ஒட்டியது. மூன்றாவது துண்டுதுண்டாக வந்தது. கரண்டியால் சுரண்டும் சத்தம் இன்னும் காதில்.

"அது கரியில்லீங்கப்பா. அம்மா எண்ணெயும் வெங்காயமும் தேச்சுத் தேச்சுப் பழக்குன கல்லு. இதுல அம்மாவோடது என்னங்க மிச்சம் இருக்குது?"

கோயிலில் அழாதவள் அடுப்படியில் அழுதாள். பிய்ந்த துண்டுகளை ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டோம். துரு வாடை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டேன். கல்லை எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டுங்கப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஜூன் 16, திங்கள்

400. தண்ணீர் ஒழுங்காகத் தெளிக்கிறது. புகை இல்லை.

கதவில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: தோசைக்கல் கூடாது.

பாய் படித்துவிட்டுச் சிரித்தார். "இரும்புதானுங்கண்ணா. அதுக்கென்ன ஆகப்போகுது?"

"இரும்புக்கு ஒண்ணும் ஆகாதுங்க பாய்."

வாங்க: நல்லெண்ணெய், வெங்காயம்.