தொட்டிக்கு ஒரு சொம்பு

ஆடி 6
காலையிலிருந்தே காற்று. மொட்டைமாடியில் வரிசைப்படி தண்ணீர்: துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, கறிவேப்பிலை, புதினா. தொட்டிக்கு ஒரு சொம்பு. பாரபட்சம் இல்லை.

மரகதம் முழங்கால் ஆபரேஷன் முடிந்து புதுக்கோட்டையில் மகள் வீட்டில். இன்றோடு இருபத்திரண்டு நாள். புறப்படும்போது சொன்னது ஒன்றுதான்: "புதினாவப் பாத்துக்கங்க."

புதினா இலை ஓரம் பழுப்பு. காற்றினால் இருக்கலாம்.

ஆடி 8
காற்றினால் இல்லை. தண்டை முறித்துப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. வேரும் காய்ந்துவிட்டது. கற்பூரவல்லி நேர்மாறாக, அடியில் அழுகல்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் துணி காயப்போட வந்தவர், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "என்ன சார், எல்லாத்துக்கும் ஒரே சொம்பா? ரேஷன் கடையா நடத்துறீங்க? புதினாவுக்கு ஈரம் காயவே கூடாது. கற்பூரவல்லிய மறந்தே போயிரணும்."

முப்பது வருடம் நிலம் அளந்தவன். அளந்து கொடுத்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மாலை மகள் போன். "அம்மா இங்கிட்டே இருக்கட்டும்ப்பா. ஒங்களால தனியாப் பாத்துக்க முடியாது." புதினா செத்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் பக்கத்துக்கு அது ஒன்றே சாட்சி. அவள் சொல்வது சரிதானோ.

ஆடி 9
பாக்கியத்திடம் கேட்டுப் புதினா நாலு கொத்து. நட்டாயிற்று. மண்புழு உரம் இரண்டு கை.

ஆடி 14
நாலும் கருகின.

பாக்கியம்: "கேட்டு வாங்கினா வராது சார். புதினாவத் திருடி வச்சாத்தான் தழைக்கும்."
"நீங்களே எடுத்துக் கொடுத்தீங்களே."
"அதான் வரல." ஒரே சிரிப்பு.

மூடநம்பிக்கை. மரகதம் வந்தால் முதலில் கேட்கப்போவது புதினாவைத்தான். இரண்டையும் நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு இல்லை.

ஆடி 15
பிற்பகல் மூன்று. பாக்கியம் வீட்டுப் புதினாத் தொட்டி சுவரிலிருந்து ஒரு முழம். கை நீட்டினேன். மூன்று தண்டு, வேரோடு.

நிமிர்ந்தால் படியில் பாக்கியம், ஈரத்துணி வாளியுடன். என் பக்கம் திரும்பவே இல்லை. வானத்தைப் பார்த்து, "என்னா வெயிலு" என்றார். கொண்டுவந்த துணியைக் காயப்போடாமலே இறங்கிவிட்டார்.

வாழ்நாளில் முதல் திருட்டு. நட்ட தொட்டிக்கு இடம்: தண்ணீர் டேங்க் நிழல். சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். இனி விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து.

ஆடி 21
துளிர்! கணுவுக்கு இரண்டு. வேரோடு எடுத்தது, நிழல், ஈரம்: காரணம் இவைதான். பாக்கியத்திடம் இதைச் சொல்லப்போவதில்லை.

ஆடி 25
காரில் ம.வும் மகளும். பார்த்துவிட்டுப் போகத்தானாம். கையில் சின்னப் பை ஒன்றுதான்.

உட்கார்ந்ததும், "புதினா எங்க?"

மாடியேற அவளால் முடியாது. தொட்டியைத் தூக்கி வந்தேன். மகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்: உன்னுடையது செத்துவிட்டது, என் சொம்புக் கணக்கால், இது பாக்கியத்தின் தொட்டியில் திருடியது.

மகள்: "ஒரு செடியவே காப்பாத்த முடியல. ஒன்னைய எப்படிம்மா..."

ம. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். "இது நம்மதுதான். நாலு வருசத்துக்கு முன்னாடி பாக்கியம் நம்ம தொட்டியில கிள்ளிட்டுப் போனா. நான் படியில நின்னு பாத்துட்டு, சத்தமில்லாம எறங்கிட்டேன்."

பிறகு மகளிடம்: "பைய உள்ள வையி. மிச்சத் துணிமணிய ஞாயித்துக்கெழம கொண்டாந்து குடு."
"அம்மா!"
"என்னையச் சொம்புக் கணக்குல பாக்காதீங்கன்னு சொன்னாப் போச்சு. கேட்டுக்குவாரு."

ஆடி 26
மழை வருவதுபோல் இருந்து, வரவில்லை. ஐந்தரைக்கே எழுந்து ம.வுக்குப் பட்டியல்: மாத்திரை, நடை, வெந்நீர், கஞ்சி, ஓய்வு, எல்லாம் மணிப்படி. மாத்திரை வரை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டினேன். மற்றதைக் கிழித்தேன்.

கட்டிலருகில் போய், என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"மொதல்ல காப்பி."