உன் நிறத்திலேயே உன் படம்

என் கறுப்புத் தங்கமே, சொர்ணம் அக்கா,

பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ மேற்கொண்டு கேட்க மாட்டாய். பேரன் கார்த்திக் ஆடிட்டர் பரீட்சையில் பாஸ். நந்தனத்தில் காலேஜ் படிக்கிற சின்னப் பேத்தி நிலா ஓட்டப் பந்தயத்தில் மெடல் வாங்கியிருக்கிறாள். மூத்த பேத்தி யாழினி அமெரிக்காவில் டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சரித்திர டாக்டர். கூடப் படித்த டேனியலைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டாள். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளின் பேத்தி, அக்கா!

டேனியல் கறுப்பினத்துப் பிள்ளை. அவனுடைய பூட்டன் பூட்டிக்கும் முந்தியவர்களை ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் விற்றார்களாம். அவன் உன்னைவிடக் கறுப்பு. சிரித்தால் உன்னை மாதிரியே கண் காணாமல் போய்விடும்.

நாளைக்கு உனக்கு வருஷ நினைவு. நம் தம்பி ராஜதுரை தன் தி.நகர் ஜவுளிக் கடையிலிருந்து ஃபிரேம் போட்ட இரண்டு படங்களை அனுப்பியிருந்தான். ஒன்று உன்னுடையது, மாலை போட. இன்னொன்று யாழினியின் கல்யாணப் படம், ஹாலில் மாட்ட. பிரித்தேன். யார் வீட்டுப் பொம்பளை இது? பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி ஒருத்தி. மூக்குத்தியை வைத்துத்தான் நீ என்று கண்டுபிடித்தேன். டேனியலையும் விட்டுவைக்கவில்லை. பாலில் ஊறிய பிஸ்கட் நிறத்தில் எவனோ நிற்கிறான்.

உடனே போன் போட்டேன்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"செத்தவங்க படம் பளிச்சுன்னு இருந்தாத்தான்க்கா மரியாதை. எல்லா வீட்லயும் பண்றதுதானே."

"மாப்பிள்ளை சாகலையேடா! அவன் மூஞ்சில எதுக்குடா சுண்ணாம்பு?"

"நாலு சொந்தக்காரங்க வருவாங்க, கேப்பாங்க. உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அஞ்சாங்கிளாஸு!"

சரிடா தம்பி, பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன்.

அவன் இதைப் புதிதாகவா செய்கிறான்? உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "சின்னவ கொஞ்சம் கலரா இருக்காளே" என்றதும், அதே மாப்பிள்ளையை எனக்குக் கட்டிவைத்த வீடுதானே நம் வீடு? கடை வைத்தபோது கல்லாவில் வெளுத்த முகம் இருந்தால்தான் வியாபாரம் என்று உன்னை மாடி குடோனில் உட்கார வைத்தான். எந்தச் சேலைக்கு எந்த ஜாக்கெட் பிட் என்று மேலேயிருந்து பார்த்துப் பார்த்து எடுத்து அனுப்பியது நீ. வாங்கிப் போனவர்களில் ஒருத்தி உன்னைப் பார்த்திருப்பாளா? இப்போது செத்த பிறகும் உன்னை மறைக்கிறான். விடுவேனா?

இதையும் சொல்லிவிடுகிறேன். டேனியல் படத்தை யாழினி முதன்முதலில் அனுப்பியபோது, உன்னை வேண்டாமென்றவர்கள் சொன்ன அதே "இவ்ளோ கறுப்பா?"தான் என் வாயிலும் வந்தது. என் வாய்க்குள் அவர்கள் துப்பிவிட்டுப் போன எச்சில், அக்கா. அருவருத்துப் போனேன். அன்றைக்கே யாழினியைக் கூப்பிட்டேன்.

"அவங்க சனத்தோட கதையை முதல்லேர்ந்து சொல்லுடி."

"பாட்டி, அது ஒரு நாள்ல முடியாது."

"எனக்கென்ன ஆபீஸா போகுது? உயிரோட இருக்கிறவரை சொல்லு."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்குப் பாடம். நடுவில் ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரத்துப் பெரிய லைப்ரரிக்குப் போய், எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படிக்கிறேன். அவர்கள் எழுதப் படிக்கக் கூடாது என்று சட்டமே போட்ட ஊர்கள் இருந்தனவாம். மீறினால் சவுக்கடி. அப்படியும் ஒளிந்து ஒளிந்து படித்திருக்கிறார்கள். உன் வலியும் அவர்கள் வலியும் ஒன்றுதானே என்று யாழினியை விட்டு டேனியலிடம் சொன்னேன். "இல்லை பாட்டி" என்று பொறுமையாகச் சொன்னான். சரிதான். உன்னைச் சந்தையில் நிறுத்தி யாரும் விற்கவில்லை. அந்த வித்தியாசத்தையும் நான் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர்களில் ஒருவர், அடிமையாக இருந்து தப்பி ஓடியவர். படித்துப் பெரிய பேச்சாளர் ஆனார். போகிற ஊரிலெல்லாம் ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வாராம். தங்கள் சனத்தைக் கோமாளியாக வரைந்து விற்றவர்களுக்கு அந்த முகம்தான் பதில். சிரிக்க மாட்டார், கோட்டுப் போட்டு நிமிர்ந்து முறைப்பார். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பழிவாங்குவதற்கு இப்படி ஒரு வழி இருக்கிறதா!

பாலவாக்கம் பீச்சில் நிலா மொபைலில் எடுத்தாளே, வெயிலில் நீ கண்ணை இடுக்கிச் சிரிக்கிற படம், அதையும் யாழினி அனுப்பிய கல்யாணப் படத்தையும் எடுத்துக்கொண்டு நேற்று மயிலாப்பூர் ஸ்டூடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண்.

"இன்னா பாட்டி, எவ்ளோ கலர் ஏத்தணும்?"

"ஏத்தாதே. இருக்கிறதை இருக்கிற மாதிரி போடு."

"அப்டியே போட்டா டார்க்கா வரும் பாட்டி. அப்பால என்னைத் திட்டக் கூடாது."

"அவ டார்க்குதாம்மா. ஒரு துளி வெளுத்தே, காசு தர மாட்டேன்."

சிரித்துக்கொண்டே பெரிய சைசில் போட்டுத் தந்தாள். தம்பி அனுப்பிய இரண்டையும் கழற்றி, அவன் ஃபிரேமிலேயே இவற்றை மாட்டிவிட்டேன். அவன் செலவிலேயே நீ ஹாலுக்கு வந்துவிட்டாய்.

நாளைக்குச் சொந்தம் எல்லாம் வரும். நான் மாலை போடப்போவதில்லை. கூடப்பிறந்தவன் போடுவதுதானே நம் வழக்கம்? அவனே போடட்டும். எல்லார் முன்னாலும், உன் முகத்தை நேராகப் பார்த்துப் போடட்டும். மாட்டேன் என்றால் சோறு கிடையாது.

அதோடு முடியாது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் தாமரைப் பூவும் குட் மார்னிங்கும் போடுகிற நேரத்துக்கு, தினமும் ஒரு பாடத்தைப் பேசிப் போடுகிறேன். "குரூப்ல இதெல்லாம் எதுக்குக்கா?" என்றான். "பிடிக்கலைன்னா வெளியே போடா" என்றேன். போகவில்லை. போனால் ஆடித் தள்ளுபடி விளம்பரத்தை எங்கே போடுவான்?

உன்மேல் ஆணை அக்கா, கண் தெரிகிறவரை படிப்பேன். கண் போனால் காதால் படிப்பேன். என் வாயில் மிச்சமிருக்கிற எச்சிலைக் கடைசிவரை துப்புவேன். அவர்கள் வாயிலிருப்பதையும் துப்ப வைப்பேன்.

யாழினி, நீ இதைப் படித்தால் அழாதே. வயிற்றில் இருக்கிறது பிறந்ததும், இளவெயிலில் வைத்து ஒரு படம் எடுத்து குரூப்பில் போடு. யாரும் கைவைக்காத படம். பெரிய பாட்டி படத்துக்குப் பக்கத்தில் இப்போதே ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

உனக்கு வந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டவள்,
உன் கூடப்பிறந்த தங்கை,
தங்கம்மாள்